பூமிக்குப் பாரம் பாவமா? பனிக்கட்டியா?

இமயமலையிலும் வடதுருவத்திலும் பனி உருகுகின்றது என்றும், பனி உருகுவதால் சில இடங்களில் பூகம்பமும் ஏற்படக்கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள் என்றும் பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் சேதி வருவதைத் தோழர்கள் பார்த்திருக்கலாம். இந்தச் சேதி வந்ததுதான் தாமதம், நமது புராணப் பிரசங்கிகளுக்கு ஒரு புது மூலதனம் கிடைத்துவிட்டது. "பார்த்தீர்களா? பூமாதேவிக்குப் பாரம் தாங்கவில்லை என்று எங்கள் புராணங்கள் அன்றைக்கே சொல்லவில்லையா? பாவம் பெருகினால் பூமி நடுங்கும், பூபாரம் தீர்க்கப் பகவான் வருவார் என்பதைத்தானே இன்றைக்கு வெள்ளைக்காரன் வேறு பாஷையில் சொல்லுகிறான்?" என்று காலட்சேபத்தில் ஆரம்பித்து விட்டார்கள். சின்ன காஞ்சிபுரத்துச் சந்நிதித் தெருத் திண்ணைகளிலும் இதே பேச்சு நடப்பதாக நமது தோழர்கள் எழுதுகின்றார்கள்.

சரி, அந்த ஊர்க் கதையை வைத்தே முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம்.

பூமியை ஆதிசேஷன் என்னும் பாம்பு தன் ஆயிரம் தலைகளில் தாங்குகிறது, அது ஒரு தலையிலிருந்து மறு தலைக்குப் பாரத்தை மாற்றும்போது பூமி நடுங்குகிறது என்பது கதை. அந்த ஆதிசேஷனேதான் சின்ன காஞ்சிபுரம் திருவெஃகாவில் படுத்திருக்கும் சொன்னவண்ணம் செய்த பெருமாளுக்குப் படுக்கை. அந்தப் பெருமாளுடைய பெருமை என்ன? பல்லவ ராஜா ஒருவன் கணிகண்ணன் என்பவனை ஊரைவிட்டுத் துரத்தினானாம். அவனுடைய குருவாகிய திருமழிசை ஆழ்வாரும் கூடவே புறப்பட்டாராம். ஆழ்வார் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பெருமாளும் தமது பாம்புப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தாராம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடந்தான் ஓரிக்கையாம். மறுநாள் ராஜா மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவே, பெருமாள் திரும்பி வந்து பாயை விரித்துக்கொண்டார். போய் வந்ததற்கு அடையாளமாக இன்றைக்கும் இடம் வலம் மாறிப் படுத்திருக்கிறார்.

நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பாம்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்த அந்த ஓர் இரவு, பூமி யார் தலையின்மேல் இருந்தது? ஒரு தலையை அசைத்தாலே பூகம்பம் என்றால், ஆயிரம் தலையையும் ஒரே சுருட்டாகச் சுருட்டின அன்றைக்கு ஓரிக்கையில் ஒரு பானையாவது உருண்டதா? உருண்டதாக எந்த ஸ்தல புராணத்திலும் இல்லை. இரண்டு கதையையும் எழுதினவர்கள் ஒருவரை ஒருவர் கலந்துகொண்டு எழுதவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு சமாதானம் இருந்தால், வடகலையாரோ தென்கலையாரோ யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். அவர்கள் எதிலும் ஒத்துப்போகாமல் கோர்ட்டு வரைக்கும் போனவர்களாயினும், இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்ச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுகிறோம்.

இன்னொன்று. காஞ்சிபுரத்துக் கதைகளில் பாதி தண்ணீர்க் கதை. பிரம்மாவின் யாகத்தை அழிக்க சரஸ்வதி வேகவதி ஆறாகப் பெருகி வந்தாளாம், அதைத் தடுக்கத்தான் மேற்படி பெருமாள் குறுக்கே அணையாகப் படுத்தாராம். பெரிய காஞ்சிபுரத்துக்குப் போனால் அங்கே ஏகாம்பரநாதர் மண் லிங்கம். ஐம்பூதங்களில் நிலத்துக்கென்றே ஏற்பட்ட சாமி அவர். வெள்ளம் வந்தபோது அவர் கரைந்துவிடாமல் அம்மன் கட்டி அணைத்துக் காப்பாற்றினாளாம். நிலத்துக்குச் சொந்தக்காரரே தண்ணீருக்குப் பயப்படுகிறவர்! இந்தக் கதைகளைக் கட்டின பழைய ஜனங்கள்மீது நமக்குக் கோபமில்லை. ஆற்று வெள்ளத்தைக் கண்டு பயந்தவர்கள், பயத்தைக் கதையாகச் சொல்லிவைத்தார்கள். இன்றைக்குத் துணைக்கோள் காட்டும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கதையைக் காரணமாகச் சொல்லிக் காசு வாங்குகிறவர்களைத்தான் கேட்கிறோம்.

நிற்க. பூமி ஏன் நடுங்குகிறது என்பதைக் காஞ்சிபுரத்து நெசவாளத் தோழர்களுக்குச் சொல்லுவது மிகவும் சுலபம். தறியில் பாவை இழுத்துக் கட்டியிருக்கும்போது அது அசையாமல்தான் இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கிறதா? ஒவ்வொரு இழையிலும் இழுப்பு ஏறி நிற்கிறது. இழுப்பு அளவுக்கு மீறினால், எங்கே நூல் பலவீனமோ அங்கே பட்டென்று அறுகிறது. பூமியின் மேலோடும் இப்படித்தான். அது ஒரே ஓடல்ல, பல பெருந்தட்டுகள். நாம் இருக்கும் இந்தியத் தட்டு வருஷத்திற்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுகிறது. அதில் 2 சென்டிமீட்டர் அளவு இமயமலைக்கு அடியில் நெருக்கமாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. பாறைகளில் பழைய வெடிப்புகள் உண்டு. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நூறு வருஷமோ ஐந்நூறு வருஷமோ சேர்ந்த நெருக்கம் அந்தப் பிடியை மிஞ்சினால், இரண்டு பக்கமும் சில நொடிகளில் வழுக்குகின்றன. அதுதான் பூகம்பம். 1934 ஜனவரி 15-ல் பீகாரிலும் நேபாளத்திலும், 2015 ஏப்ரல் 25-ல் மறுபடியும் நேபாளத்திலும் நடந்தது இதுவே.

இதில் பனிக்கட்டிக்கு என்ன வேலை? இரண்டு செங்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேலே ஓர் ஆளை நிற்க வைத்து, மேல் கல்லைத் தள்ளிப் பாருங்கள், நகராது. ஆளை இறக்கிவிட்டால் அதே தள்ளுக்கு நகர்ந்துவிடும். பனிக்கட்டி அந்த ஆள்.

இருபதாயிரம் வருஷங்களுக்கு முன் கனடாவையும் சுவீடன், நார்வே தேசங்களையும் பனி மூடியிருந்தது. சில இடங்களில் 3 கிலோமீட்டர் கனம். அப்படியானால் ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் சுமார் 2,700 டன் பாரம். தரை அந்தப் பாரத்தில் அமுங்கிப் போயிற்று. பிறகு பனி உருகி ஓடிவிட்டது. தலை எடுத்த பின் தலையணை மெல்ல உப்புவது போல, அந்தத் தரை இன்றைக்கும் எழும்பிக்கொண்டே இருக்கிறது. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவிலுள்ள பாத்னியா வளைகுடாவின் வடகரையில் வருஷத்திற்கு 9 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எழும்புகிறது. முன்னே கப்பல் நின்ற இடங்கள் மேடாகிவிட்டன. பனியின் பாரம் நீங்கின அந்தக் காலத்தில்தான், சுவீடனின் வடகோடியில் பார்வி என்னும் வெடிப்பு சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பெரும் பூகம்பத்தில் அறுந்தது என்று அங்குள்ள நிலநூலார் கண்டிருக்கிறார்கள். இன்றைக்கு அந்தப் பிரதேசம் பெரும் பூகம்பம் இல்லாத சாந்தமான பிரதேசம். அங்கே அக்காலத்தில் ஜனங்களே மிகச் சிலர். அவர்கள் செய்த பாவம் 150 கிலோமீட்டர் பாறையைப் பிளக்கப் போதுமா என்பதைப் பிரசங்கிகள்தாம் கணக்கிட்டுச் சொல்லவேண்டும்.

அலாஸ்காவில் இது நம் காலத்திலேயே நடக்கிறது. அங்கே பனியாறுகள் இருநூறு வருஷத்திற்கு மேலாகக் கரைந்து வருகின்றன, சில இடங்களில் தரை வருஷத்திற்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் எழும்புகிறது. 1958 ஜூலையில் லிதுயா விரிகுடாப் பக்கம் வந்த 7.8 அளவுப் பூகம்பமும், 1979 பிப்ரவரியில் செயின்ட் எலியாஸ் மலைப்பக்கம் வந்த பூகம்பமும் பனிப்பாரம் குறைந்ததால் சற்று முன்னதாகத் தூண்டப்பட்டிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்துச் சொல்லும் முடிவு.

1979 என்றதும் சின்ன காஞ்சிபுரத்தாருக்கு வேறொன்று ஞாபகம் வரும். அந்த வருஷந்தான் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்தி வரதரை வெளியே எடுத்தார்கள். பிறகு உள்ளே வைத்து, நாற்பது வருஷம் கழித்து 2019 ஜூலை 1-ல் எடுத்து 48 நாள் வைத்திருந்தார்கள். ஒரு கோடி ஜனங்கள் நெருக்கியடித்துப் பார்த்தார்கள் என்பது கணக்கு. இனி 2059-ல்தான். அவர் தண்ணீருக்குள் படுத்திருந்த அந்த நாற்பது வருஷத்தில் மனிதன் என்ன செய்தான்? 2002-ல் இரண்டு துணைக்கோள்களை ஒன்றின்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கவிட்டு, அந்த இடைவெளி தலைமயிரில் ஒரு பங்கு அளவுக்கு மாறுவதையும் அளந்து, அதைக்கொண்டு கிரீன்லாந்தில் எவ்வளவு பனி குறைந்தது, பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் நிலத்தடி நீர் எவ்வளவு குறைந்தது என்று ஆகாயத்திலிருந்தே எடை போட்டான். வடமேற்கு இந்தியாவில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று கண்டுபிடித்ததும் அந்தக் கோள்களைக் கொண்டுதான். பூபாரம் என்பதற்கு இப்போது தராசு வந்துவிட்டது தோழர்களே! அந்தத் தராசில் பனி நிறுக்கப்பட்டது, மழை நிறுக்கப்பட்டது. பாவம் என்ற சரக்கு ஒரு குன்றிமணி எடைகூட ஏறவில்லை.

நமது நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. கங்கைச் சமவெளியில் மழைக்காலத்தில் வெள்ளமும் ஈரமும் பெரும் பாரமாக நின்று தரையை அமுக்குகிறது, மழை வடிந்த பின் தரை எழும்புகிறது. நேபாள இமயத்தில் சின்னஞ்சிறு அதிர்ச்சிகள் மழைக்காலத்தைவிடக் குளிர்காலத்தில் அதிகமாக ஏற்படுகின்றன என்று வருஷக்கணக்காகக் குறித்துப் பார்த்திருக்கிறார்கள். பாவம் ஆடி மாதத்தில் குறைந்து மார்கழியில் ஏறுகிறதா? மார்கழிதானே இவர்கள் விடியற்காலையில் எழுந்து பஜனை செய்யும் மாதம்!

மகாராஷ்டிரத்தில் கொய்னா அணையில் 1962 வாக்கில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். பூகம்பமே பெரிதாக அறியாத அந்தப் பக்கத்தில் சிறு அதிர்ச்சிகள் ஆரம்பித்தன. 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் 6.3 அளவில் பூமி அதிர்ந்து, சுமார் 180 பேர் மாண்டார்கள். "பாரத்தை இறக்கினாலும் பூகம்பம், ஏற்றினாலும் பூகம்பமா?" என்று சிலர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். தேக்கிய தண்ணீர் பாரமாக மட்டும் நிற்பதில்லை. அது வெடிப்புக்குள் இறங்கி, இரண்டு பக்கத்தையும் உள்ளேயிருந்து நெம்பிப் பிடியைத் தளர்த்துகிறது. எந்தப் பக்கத்து வெடிப்பு எந்தத் திசையில் நெருக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஏற்றுவதோ இறக்குவதோ அதைத் தூண்டும். ஆக, குறுக்கே படுத்து வெள்ளத்தைத் தடுக்கும் வேலையைப் பெருமாள் செய்ததாகச் சொல்லுவது கதை. மனிதன் சிமெண்டால் செய்தபோது அது காரியம், அதற்கு விளைவும் உண்டு.

இங்கே நமது தோழர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. பனி உருகுவதாலேயே உலகமெல்லாம் பிளந்துவிடும் என்று சிலர் கிளப்பும் பீதியும் புராணத்துக்குத் தம்பியே ஒழிய வேறல்ல. பூகம்பத்தின் சக்தி தட்டுகளின் நெருக்கத்தில் சேர்வது. பனி உருகுவது, நாளைக்கு விழ இருக்கிற மரத்தை இன்றைக்கு ஒரு விரலால் தள்ளுவது போன்றது. மரத்தை வளர்த்ததும் அரித்ததும் அந்த விரலல்ல. இமயத்தில் பனி குறைவதைவிடத் தட்டுகளின் நெருக்கந்தான் மிகப் பெரிய காரணம். பனி உருகுவதால் அங்கே உடனடியாக வரும் ஆபத்து வேறு. பனியாற்றின் முகத்தில் ஏரிகள் தேங்கி உடைந்து வெள்ளமாக இறங்குவதே அது. 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லொனாக் ஏரி உடைந்து, சுங்தாங்கில் கட்டியிருந்த பெரிய அணையையே அடித்துக்கொண்டு போனது இப்படித்தான். நாள் நட்சத்திரம் குறித்துப் பூகம்பம் சொல்ல இன்றைக்கு விஞ்ஞானிக்கும் முடியாது. முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லுகிறான் பாருங்கள், அந்த யோக்கியதை ஜோசியனுக்கு உண்டா? 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகம் ஒரே ராசியில் சேருகிறது, உலகம் அழியும் என்று தேசமெல்லாம் நெய்யைக் கொட்டி யாகம் செய்தார்களே, என்ன அழிந்தது? நெய்தான். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் 1960 மே மாதத்தில், மனிதன் கருவி வைத்து அளந்தவற்றிலெல்லாம் பெரிய பூகம்பமாகிய 9.5 அளவுப் பூகம்பம் சிலி தேசத்தில் வந்தது. அதைச் சொல்ல ஒரு பஞ்சாங்கமும் இல்லை.

பாவத்துக்குத் தண்டனை என்ற பேச்சைப் பாமர ஜனங்கள்தாம் பேசுகிறார்கள் என்று எண்ணவேண்டாம். 1934-ல் பீகார் பூகம்பத்தில் பதினாயிரத்துக்கு மேல் ஜனங்கள் செத்தபோது, தமிழ்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்த காந்தியார், திருநெல்வேலியில் பேசும்போது, அது தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். சனாதனிகள் சும்மா இருந்தார்களா? தீண்டாமையை ஒழிக்கிறேன் என்று காந்தியார் புறப்பட்டதற்குத்தான் தண்டனை என்று அதே பூகம்பத்தைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். தாகூர் இது அறிவுக்கு ஒவ்வாத பேச்சு என்று எழுதிக் கண்டித்தார். தீண்டாமை ஒழியவேண்டியதுதான், அதற்குப் பூகம்பம் சிபாரிசு செய்யவேண்டியதில்லை. தீண்டாமையால் இழிவுபட்டவன் குடிசையையும் சேர்த்து இடிக்கிற தண்டனை என்ன தண்டனை?

2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீள வெடிப்பு அறுந்து ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர் மாண்டனர், பெரும்பகுதி நாகப்பட்டினத்து ஜனங்கள். அவ்வருஷம் நவம்பரில் காஞ்சிபுரத்து மடாதிபதி ஒருவர் ஒரு கொலைவழக்கில் கைதானதற்குத்தான் கடல் பொங்கிற்று என்று அப்போது வாய்கூசாமல் பேசினவர்கள் உண்டு. அவ்வழக்கு 2013-ல் எல்லோருக்கும் விடுதலையாக முடிந்தது, வழக்கைப்பற்றி நமக்கு இங்கே பேச்சில்லை. காஞ்சிபுரத்தில் நடந்த கைதுக்கு அக்கரைப்பேட்டை மீனவன் பிள்ளையைக் கொல்லுகிற கடவுளுக்கு விலாசம் தெரியாதா என்பதே நமது கேள்வி. வேளாங்கண்ணியில் மாதா கோயில் தப்பியது அற்புதம் என்று கிறிஸ்தவத் தோழர்களும் சொன்னார்கள். அந்தக் கோயிலுக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் செத்தது எந்த வகையில் சேர்த்தி? 2013 ஜூனில் கேதாரநாத்தில் அடைமழையோடு பனியாற்று ஏரிக்கரை உடைந்து, உத்தராகண்டத்தில் 5,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை வந்து நின்று கோயில் தப்பியது. அந்தப் பாறைக்கு இப்போது பூசை! தாரி தேவி சிலையை இடம் மாற்றியதால்தான் வெள்ளம் என்று வேறு சொன்னார்கள். தன் வீட்டுக்குக் கல் வைத்துக்கொண்டு விருந்தாளிகளை ஆற்றில் விட்டவரை நாம் நம் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்?

இந்தப் பேச்சால் ஏற்படும் கெடுதி வெறும் அறியாமை மட்டுமானால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். பாவத்தால் பூமி நடுங்குகிறது என்று நம்புகிறவன் பரிகாரத்துக்குப் பணம் கொடுப்பான், சுவரைப் பார்க்கமாட்டான். கொன்றது சுவர்தானே! 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிரத்துக் கில்லாரிப் பக்கம் 6.2 அளவில் அதிர்ந்தது. முந்தின இரவு பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். விக்கினம் தீர்க்கும் சாமிக்குச் செய்யவேண்டியதெல்லாம் செய்தாயிற்று. மண்சேற்றில் அடுக்கிய கருங்கல் சுவரும் கனத்த கூரையும் மேலே விழுந்து சுமார் 10,000 பேர் செத்தார்கள். அந்தப் பிரதேசம் அப்போது ஆபத்து மிகக் குறைந்த ஒன்றாம் மண்டலமாகக் குறிக்கப்பட்டிருந்தது என்பதையும் கவனியுங்கள். 2010 ஜனவரியில் ஹெய்தியில் 7.0 அளவுப் பூகம்பம், ஒரு லட்சம் பேருக்கு மேல் சாவு. அடுத்த மாதமே சிலியில் 8.8. சக்தியில் அதைப்போல் சுமார் 500 மடங்கு. செத்தவர்கள் சுமார் 525 பேர். இரண்டு தேசத்தாரும் பெரும்பாலும் ஒரே கத்தோலிக்கக் கடவுளைக் கும்பிடுகிறவர்கள். வித்தியாசம் பக்தியில் அல்ல. 1960-ல் அடிபட்ட சிலிக்காரன் கட்டட விதி எழுதி, அதை அமல் நடத்தினான். ஏழை ஹெய்திக்காரனுக்கு அது வாய்க்கவில்லை.

நமக்கென்ன, காஞ்சிபுரம் கெட்டியான பழம்பாறை, பனியும் இல்லை மலையும் இல்லை என்று இருந்துவிடலாமா? 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் அதிர்ந்தபோது சென்னை வரையில் வீடுகள் ஆடின, மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் திருத்திய வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். இங்கே பெரும் பூகம்பம் அபூர்வந்தான். ஆனால் கட்டுகிற வீடு ஐம்பது அறுபது வருஷம் நிற்கப்போகிறது. வாசல் ஜன்னல் தலைக்குமேல் நான்கு சுவரையும் சுற்றிக் கம்பி போட்ட ஒரு கான்கிரீட் பட்டை, மூலைகளில் கம்பி, நல்ல சிமெண்டுக் கலவை, மேல்மாடியைத் தூண் இல்லாமல் தெருவுக்குமேல் நீட்டாமை, இவ்வளவே பெரும்பாலான சிறு வீடுகளுக்குத் தேவை. இதற்கு ஆகும் அதிகப்படிச் செலவு மொத்தச் செலவில் சிறு பங்கே. குழித்தறியில் குனிந்து கண்ணும் முதுகும் போக நெய்த கூலியில் கிரகப்பிரவேசத்துக்கு ஓமம் வளர்க்கிற தோழர், புரோகிதர் தட்சிணையையும் நெய்யையும் அந்தப் பட்டைக்குக் கம்பியாக மாற்றலாம். வாஸ்து பார்த்து வாசலை இடம் மாற்ற இடிக்கிற பணம் வேறு இருக்கிறது.

தனி ஆள் செய்யக்கூடியது இது. சேர்ந்து கேட்கவேண்டியது ஒன்று உண்டு. 2021 முதல் காஞ்சிபுரம் மாநகராட்சி. சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி, கலியாண மண்டபங்கள், தேர்க்கூட்டம் வந்து நெருக்கி நிற்கும் பழைய மாடிவீடுகள் ஆகியவற்றுள் எத்தனை, அந்த மூன்றாம் மண்டல விதிப்படி பரிசோதிக்கப்பட்டவை? எந்தத் தேதியில், எந்த எஞ்சினியரால்? தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது, மனுவுக்குப் பத்து ரூபாய். அர்ச்சனைத் தட்டுக்கு அதைவிட அதிகம் ஆகும். சின்ன காஞ்சிபுரத்துத் தோழர்கள் இந்த மாதத்திலேயே மனுப் போட்டு, வருகிற பதிலை நமக்கு அனுப்பினால், எந்தப் பதிலானாலும் அப்படியே இந்தப் பத்திரிகையில் போடுகிறோம்.